சொவரப் பாருங்க

அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறாது என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வீட்டில் பென்ட்ரி அடித்துக் கொடுத்த பாஸைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தச்சு வேலைக்காரரையும் மேசன் வேலைக்காரரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சமையலறைச் சுவரில் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று பொருத்துகிற அலமாரிகளுக்குப் பென்ட்ரி என்று பெயர். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. பண்டாரவளையிலிருந்து பதுளை வரைக்கும் பென்ட்ரி பாஸ் என்றால் அவர்தான்.

ஒல்லியான உடம்பு, ஐம்பது வயதிருக்கும், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். வலது காதில் எப்போதும் ஒரு தட்டைப் பென்சில் செருகியிருக்கும். அதைக் காதில் வைத்துக்கொண்டே அறை முழுக்கத் தேடுவார். எடுத்துக் கொடுத்தால் யார் இங்கே கொண்டுவந்து வைத்தது என்று கேட்பார். அதுதான் அவர். அந்த ஆளுக்குத் தப்பு என்று ஒன்று வாழ்க்கையில் நடந்ததேயில்லை. நடந்ததெல்லாம் மற்றவர்கள் செய்தது. ஆள் கிடைக்காவிட்டால் பொருள் செய்தது. பொருளும் கிடைக்காவிட்டால் சுவர் செய்தது. அலமாரிக் கதவு கோணலாக நிற்கிறதே என்று யாராவது கேட்டு முடிப்பதற்குள் விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

“என்னையப் பாக்காதீங்க, சொவரப் பாருங்க.”

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே அந்த மனிதர் இருபது வருஷம் தொழில் செய்தார்.

பதுளை டவுனில் ஒரு டொக்டரம்மா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையாக வந்து, இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டவர். சனிக்கிழமைகளில் அவருடைய மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போவேன். அங்கேதான் பாஸை முதலில் பார்த்தேன். புது பென்ட்ரியில் லாச்சியை, அந்த இழுப்பறையை, இழுத்தால் அது பிரிட்ஜ் கதவில் போய் இடித்தது. டொக்டரம்மா அதட்டிப் பேசுகிறவர் அல்ல. “நான் சொன்னது ஒண்டு, நீங்கள் செய்து வச்சிருக்கிறது வேற ஒண்டு” என்றார், அவ்வளவுதான். பாஸ் உடனே சுவரைத் தட்டினார். மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு, கட்டின மேசனைக் கேளுங்கள் என்றார். டொக்டரம்மாவும் விடாமல் டேப்பைக் கொண்டுவந்து அளந்து பார்த்தார். மேலுக்கும் கீழுக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம் இருந்தது. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி பாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சுவர் கோணல்தான், ஆனால் லாச்சி இடிப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். “டீச்சர், நீங்க புள்ளைக்குப் பாடத்தச் சொல்லிக் குடுங்க” என்றார்.

அந்த லாச்சி இன்றைக்கும் பிரிட்ஜில் இடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டு வருவார். சொன்னால், டெய்லர் ஒரு ஓட்டை கூட வைத்துவிட்டான் என்பார். எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கு வருவார். பஸ் நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது, நான் சரியான நேரத்துக்குத்தான் வந்தேன் என்று சத்தியம் பண்ணுவார். ஒருமுறை மெலமைன் பலகையை ஒரு அங்குலம் குறைத்து அறுத்துவிட்டு, வெலிமடைக் குளிருக்குப் பலகை சுருங்கிவிட்டது என்றாராம். மெலமைன் பலகை எங்கே சுருங்கும்? அந்த வீட்டுக்காரர் உருளைக்கிழங்கு வியாபாரி, பாவம், நம்பிவிட்டார். என் எதிரில் சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு.

இவ்வளவும் தெரிந்துதான் எங்கள் வீட்டு வேலைக்கு அவரைக் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்டால், அவருடைய வேலையைப் பார்த்திருக்க வேண்டும். குறை என்று வந்தால் மட்டும்தான் அவரோடு மல்லுக்கட்ட வேண்டும். வராவிட்டால் அந்தப் பக்கத்தில் அவருக்கு மிஞ்சிய ஆள் கிடையாது. கீல் சத்தம் போடாது. பலகையும் பலகையும் சேரும் இடத்தில் நகம் நுழையாது.

எங்கள் வீடு, பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகிற பாதையில் ஒரு தோட்டத்தில் இருந்தது. இருந்தது என்று எழுதும்போதே கோபம் வருகிறது. அம்மா முப்பத்தெட்டு வருஷம் அங்கே கொழுந்து பறித்தவள். லயம் என்கிற வரிசை வீட்டில் ஒற்றை அறைக் காம்பராவில் என்னைப் பெற்று வளர்த்தவள். அப்பா என் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். நான் டீச்சர் வேலைக்கு வந்த பிறகு, தோட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் ஒரு வீடு கட்டினோம். அம்மாவின் அப்பாவும் தாத்தாவும் அந்த மலையில் உழைத்துச் செத்தவர்கள். எங்கள் பரம்பரையில் எங்கள் பெயரில் நின்ற முதல் சுவர் அந்த வீட்டுச் சுவர்தான். அதைக் கட்டி முடித்த அன்று அம்மா சுவரைத் தடவிப் பார்த்தாள். தடவிவிட்டுச் சமையலறை சின்னது என்று குறை சொன்னாள்.

அவளுடைய ஒரே ஆசை பென்ட்ரி. லயத்தில் எல்லாம் கண் முன்னால் கிடக்கும். சட்டி, பானை, அரிசி டின் எல்லாமே. வருகிறவர்கள் பேசிக்கொண்டே எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு பார்வையில் பார்த்துவிடுவார்கள். “சாமானெல்லாம் கதவுக்குள்ள இருக்கணும் புள்ள. வர்றவங்க கண்ணுல ஒண்ணும் படக்கூடாது” என்பாள். அதற்காகப் பின்பக்கத்து மண்மேட்டை வெட்டிச் சமையலறையை நாலு அடி நீட்டினேன். அம்மா கேட்டது அலமாரி மட்டும்தான். மேட்டை வெட்டச் சொன்னது நான்.

பாஸ் முதல் நாள் வந்தபோது பின்கதவைத் திறந்து வெளியே போய் நின்றார். வெட்டின மேட்டை அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்து புதுச் சுவரைத் தட்டினார். இன்னும் ஒரு பலகை கூட மாட்டவில்லை, அதற்குள் சுவர் மேல் பழி போட ஆரம்பித்துவிட்டாரே என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும் விட்டேன். அவர் நீர்மட்டத்தை எடுத்தார். அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயில் குமிழ் நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் மூச்சுக்கூட விடமாட்டார். நின்றதும் பென்சிலால் சுவரில் ஒரு நேர்கோடு இழுத்தார். மேல் அலமாரிகள் எல்லாம் அந்தக் கோட்டில்தான் உட்கார்ந்தன.

எட்டு நாள் வேலை நடந்தது. எட்டு நாளும் எனக்கும் அவருக்கும் சண்டை. ட்ரில் மெஷினால் தவறான இடத்தில் ஓட்டை போட்டுவிட்டு, கரண்ட் கூடிக் குறைகிறது என்றார். டீயைக் கொட்டிவிட்டு, கோப்பைக்குக் காது சின்னது என்றார். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காது. “அந்தாளு தாய் வயித்துலருந்து வரும்போதே மருத்துவச்சியக் கொற சொல்லிக்கிட்டுத்தான் வந்திருப்பாரு” என்பாள். ஆனாலும் தினமும் அவருக்கு ரொட்டியும் சம்பலும் தட்டு நிறைய வைப்பாள். கடைசி நாள் வெள்ளைக் கதவுகள் எல்லாவற்றையும் மாட்டி முடித்தார். அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். பதினாலு கதவு. திறந்து மூடிவிட்டு மறுபடியும் முதல் கதவுக்கு வந்தாள். பாஸ் சுவரில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்தபடி நின்றார். அன்றைக்கு அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவரை எனக்குப் பிடித்த நாள் அது ஒன்றுதான்.

நாலு மாதம் கழித்து மழை பிடித்தது. மூலையில் இருந்த மேல் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ள ஆரம்பித்தது. மூடினால் மெதுவாகத் திறக்கும். அம்மா அதில் ஒரு ரப்பர் பட்டியை மாட்டி வைத்தாள். அப்புறம் அடுத்த கதவு. அப்புறம் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் போகிற அளவுக்கு இடைவெளி. வந்த கோபத்தில் போனை எடுத்து அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். அடுத்த நாளே வந்தார், ஆச்சரியம்தான். அன்றைக்கு அம்மா வீட்டில் இல்லை. மடுல்சீமையில் சித்தி வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போயிருந்தாள். அம்மா இல்லாதது என் அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அலமாரிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். நீர்மட்டத்தைத் தான் இழுத்த பழைய பென்சில் கோட்டின் மேல் வைத்தார். குமிழ் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. வைத்ததை எடுத்துத் திருப்பி வைத்தார். குமிழ் மறுபடியும் அதே பக்கத்துக்குத்தான் போனது. பின்கதவைத் திறந்து மழையிலேயே மேட்டில் ஏறிப் போனார். கால் மணி நேரம் கழித்து முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்து நின்றார்.

“என்னையப் பாக்காதீங்க டீச்சர். சொவரப் பாருங்க.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன் என்றேன். உங்களுக்கு வேறு பாட்டே தெரியாதா என்றேன். அவர் வழக்கமாகத் திருப்பிக் கத்துவார், அன்றைக்குக் கத்தவில்லை. மேலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிலம் வெடித்திருக்கிறது, இரண்டு விரல் நுழைகிறது, அங்கே நிற்கிற சவுக்கு மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். நான் போகவில்லை.

“பென்ட்ரி அந்த எடத்துலதான் இருக்கு டீச்சர். வீடுதான் எறங்குது. கிராம சேவகருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. மண்ணப் பாக்குற ஆளுங்க வந்து பாப்பாங்க.”

வந்து பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எழும்பு என்பார்கள். எழும்பி எங்கே போவது? என் பெரியப்பா குடும்பத்தை அப்படித்தான் எழுப்பினார்கள். தற்காலிகம் என்று சொல்லி மூடிக் கிடந்த தேயிலை பேக்டரியில் கொண்டுபோய் வைத்தார்கள். சேலையைக் கட்டித் தடுத்துக்கொண்டு நாலு வருஷம் அங்கே கிடந்தார்கள். பெரியப்பா அங்கேதான் செத்தார். அம்மாவை, சொந்தச் சமையலறையில் பதினாலு கதவு வைத்திருக்கிற அம்மாவை, நான் மறுபடியும் ஒரு சேலைக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைப்பதா? அவர் சொன்னது உண்மையாக இருக்கக்கூடாது. அதனால் அது பொய். அன்றைக்கு என் புத்தி அப்படித்தான் ஓடியது. இதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

“ஒங்க வேலையில உள்ள ஓட்டைய மறைக்க எங்க வீட்டையே விட்டு எழும்பச் சொல்றீங்களா?” என்று கேட்டேன்.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“பஸ் மேல பழி, பலகை மேல பழி, இப்ப மலை மேலயும் பழி போட்டாச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தப்பு என்மேலதான்னு சொல்லுங்க பாஸ். வாய் வெந்துறாது.”

அதற்கு மேலும் பேசினேன். அவருடைய குழந்தை குட்டியை மட்டும்தான் இழுக்கவில்லை. ஊரில் இனி எந்த வீட்டுக்கும் உங்களைக் கூப்பிட விடமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் பையைத் திறந்தார். மேல் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். பின்னால் மெல்லிய பலகைத் துண்டுகளைச் செருகி நிமிர்த்தினார். கீல்களின் ஆணிகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகினார். சுவர் பக்கத்து இடைவெளியில் வெள்ளைப் பசையைப் பிதுக்கி விரலால் இழுத்து வழித்தார். நாலு மணி நேரம் பிடித்தது. முடித்தபோது பதினாலு கதவும் முதல் நாள் போலவே மூடின. இடைவெளி எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவர் செய்த வேலைகளிலேயே மிகச் சுத்தமான வேலை அதுதான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “சரிங்க டீச்சர். தப்பு என்மேலதான்” என்றார். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? திங்கட்கிழமை ஸ்டாப் ரூமில் உட்கார்ந்து அதை ஒரு கதையாகவே சொன்னேன். பென்ட்ரி பாஸ் வாயால் தப்பு என்மேல என்று சொல்ல வைத்துவிட்டேன் என்றால் நம்புவதற்கு அங்கே ஆளில்லை. அங்கிருந்த டீச்சர்மாரில் இரண்டு பேருடைய வீட்டில் அவர் வேலை செய்திருந்தார். அவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அம்மா திருவிழாவிலிருந்து வந்ததும் மூலைக் கதவில் இருந்த ரப்பர் பட்டியைக் கழற்றிப் போட்டாள். பாஸ் வந்து சரிபண்ணிவிட்டுப் போனார் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு இருபது நாள் கூட ஆகவில்லை. மூன்று நாள் விடாமல் மழை. காலை பதினொரு மணி இருக்கும், நான் ஸ்கூலில் ஏழாம் வகுப்பில் நின்றேன். மலை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அது என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடினேன். எங்கள் வீட்டின் முன்பக்கம் நின்றது, கதவும் கூரையுமாக. பின்பக்கம் இல்லை. சமையலறை இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் சவுக்கு மரமும் கிடந்தன. மண்ணுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கதவு தெரிந்தது.

லயத்துப் பையன்களும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களும் கையாலேயே மண்ணைத் தோண்டினார்கள். அம்மா டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு முன் அறைக்கு வந்துகொண்டிருந்தாளாம். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் தப்பியிருப்பாள். மேல் அலமாரி அவள் கால் மேல் விழுந்து, அதன் மேல் சுவர் விழுந்திருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் அந்த மலையில் ஏறி இறங்கிய கால். டொக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மா அழவில்லை. ஸ்கூலுக்கு லீவு போட்டாச்சா என்று என்னைக் கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்த இடம் என்னுடைய ஸ்கூல் மண்டபம். எங்களோடு இன்னும் பதினொரு குடும்பம், எல்லாரும் எங்கள் வரிசையில் இருந்து எழுப்பப்பட்டவர்கள். நான் காலை அசெம்பிளி நடத்துகிற மேடைக்குக் கீழே அம்மாவுக்குப் பாய் போட்டேன். நடுவில் ஒரு சேலை கட்டினேன். அந்தச் சேலையைக் கட்டும்போது எனக்கு வந்த கோபத்தை யார் மேல் கொட்டுவது என்று தெரியாமல், முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்களைத் திட்டினேன். முடிச்சைப் போட்டதே நான்தான்.

பத்து நாள் கழித்து பாஸ் வந்தார். மண்டபத்து வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். வரப்போகிற வார்த்தை எனக்குத் தெரியும். அந்த மனிதர் தன் வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் சொன்னதை இன்றைக்கு எனக்குச் சொல்லப் போகிறார். அன்றைக்கே சொன்னேனே, நீங்கள்தானே கேட்கவில்லை என்று அம்மா எதிரில், பதினொரு குடும்பத்துக்கும் எதிரில் சொல்லப் போகிறார். சொல்லட்டும் என்று நின்றேன். சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது.

தோளில் ஒரு பலகை பெஞ்சு கொண்டுவந்திருந்தார். உயரம் குறைவாக, அம்மா உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பக்கம் நீளமாகச் செய்திருந்தார். கீழே வைத்ததும் அது ஒரு மூலையில் ஆடியது. மண்டபத்துத் தரை மேடு பள்ளம், ஸ்கூலில் எல்லாருக்கும் தெரியும். தரையப் பாருங்க என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. குனிந்து பெஞ்சைக் கவிழ்த்து ஒரு காலை இழைத்து நிமிர்த்தி வைத்தார். அம்மாவை நானும் அவரும் தூக்கி அதில் உட்கார வைத்தோம்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எட்டு நாள் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட மனிதர்.

“எல்லார் வீட்டுச் சொவரையும் தட்டித் தட்டிப் பாக்குற ஆளு நீங்க. கதவு தெறக்குதுன்னு வந்து சரிபண்ணிட்டும் போனீங்க. எங்க வீட்டுச் சொவரு மட்டும் ஒங்க கண்ணுல படலியா பாஸ்?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாஸ் என்னைப் பார்த்தார். ஒரு முறைதான் பார்த்தார். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அந்த ஒரு பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. என் வாய் திறக்கும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு நீளமான வாய். ஊரில் யாரையும் விட்டு வைக்காத வாய்.

“படலீங்கம்மா” என்றார். “பாத்திருக்கணும். தப்பு என்மேலதான்.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். காதில் பென்சில் இல்லை என்பதை அவர் வாசலைத் தாண்டின பிறகுதான் கவனித்தேன். அது பெஞ்சுக்குக் கீழே விழுந்து கிடந்தது. எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

இரண்டு வருஷமாகிவிட்டது. நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் அம்மா காலைக் காட்டி அந்தக் கதையைச் சொல்கிறாள். ஒரு பாஸ் வந்தானாம், மண் இறங்குவதைக்கூடப் பார்க்கத் தெரியாமல் பசை தடவிவிட்டுப் போனானாம். என்னை ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாத அந்த மனிதரை அவள் இப்போது அவன் இவன் என்கிறாள். தோட்டம் தோட்டமாக அந்தக் கதை போய்விட்டது. எங்கள் பக்கத்தில் இப்போது அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. வெலிமடைப் பக்கம் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

அம்மா அந்தக் கதையைத் தொடங்கினதும் நான் எழுந்து டீ போடப் போய்விடுவேன். அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத்தான் திட்டுவேன். ஆயுசு முழுக்கப் பழி போட ஆள் தேடிக்கொண்டே இருந்தீர்களே பாஸ், அன்றைக்கு மட்டும் உங்களுக்கு என்ன வந்தது? விரலை நீட்டியிருந்தால் போதுமே. நான் பக்கத்திலேயேதானே நின்றேன்.